எண்பதுக்கு அப்பால் ஓர் ‘அல்ல’

எங்கள் அலுவலகத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. எண்பது. முகத்துக்கு நேரே யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் நான் தேநீர் ஊற்றப் போகும்போது, “எண்பது வருது, கதையை மாத்துங்கோ” என்று யாரோ குசுகுசுப்பது இரண்டு மூன்று தரம் காதில் விழுந்திருக்கிறது. எனக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. கோட் எழுதும்போது ஒரு வரி எண்பது எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்று நான் பிடித்த பிடிக்குக் கிடைத்த பெயர் அது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கணினிக்கு நாங்கள் எழுதும் கட்டளைகள் வரி வரியாக இருக்கும். ஒரு வரி எவ்வளவு நீளமாகப் போனாலும் கணினிக்குக் கவலையில்லை. அதற்குக் கண் வலிப்பதில்லை. படிக்கிற மனிதருக்குத்தான் தொல்லை. வரி திரைக்கு வெளியே ஓடிவிடும், அதை இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும், வால் தெரியும்போது தலை மறைந்துவிடும். அதனால் ஒரு அளவு வைத்து, அதற்கு மேல் போனால் முறித்து அடுத்த வரியில் எழுதுவது வழக்கம். அந்த அளவு எவ்வளவு, எந்த இடத்தில் முறிப்பது என்பதில் உலகம் முழுக்கச் சண்டை. யாழ்ப்பாணத்தில், பஸ் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்திலும் அதே சண்டைதான்.

சண்டை எனக்கும், எனக்கு எதிர் மேசையில் இருந்தவளுக்கும். இருவருக்கும் ஒரே வயது. ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒருவரை ஒருவர் ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவோம். அவள் நூற்றிருபது எழுத்து வரை விடலாம் என்பாள். “இந்தக் காலத்திலை ஸ்கிரீன் எல்லாம் அகலம். உமக்கு மட்டும் என்ன ஒடுக்கம்?” என்று கேட்பாள். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். நான் முதன்முதலில் வேலை பழகிய மடிக்கணினி ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. அதில் பக்கவாட்டில் இழுத்துப் படித்துப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதோடு இன்னொரு சண்டையும் இருந்தது. இரண்டு துண்டு வசனங்களை ஒட்டுவதற்கு எங்கள் கோட்டில் ஒரு பிளஸ் குறி போட வேண்டும். வரியை முறிக்கும்போது அந்தக் குறி மேல் வரியின் கடைசியில் வர வேண்டுமா, கீழ் வரியின் தொடக்கத்தில் வர வேண்டுமா? கடைசியில்தான் வர வேண்டும், அப்போதுதான் ‘இன்னும் இருக்கு’ என்று படிப்பவருக்குத் தெரியும் என்பது அவள் கட்சி. தொடக்கத்தில் வந்தால்தான் மேலிருந்து கீழே ஓடும் கண்ணுக்குப் பளிச்சென்று படும் என்பது என் கட்சி. ஒரு கிழமை மல்லுக்கட்டினோம். கடைசியில் எங்கள் மனேஜர் பொறுமையிழந்து, யாராவது ஒருவர் எழுதி வையுங்கள், மற்றவர் வாயை மூடுங்கள் என்றார். யார் முதலில் எழுதினாரோ அவர் சொன்னதுதானே சட்டம். நான் அன்றைக்கே எழுதி முடித்தேன்: எண்பது, குறி கீழ் வரியின் தலையில். எண்பதைத் தாண்டினால் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும் கருவி ஒன்றையும் பொருத்தினேன். வென்ற சந்தோஷத்தில் அன்று மத்தியானம் அவளுக்கு ஒரு றோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைத் தின்றுகொண்டே, “ஒருநாளைக்கு இந்த எண்பது உம்மைக் கடிக்கும்” என்றாள்.

கடித்தது. ஆனால் கடிபட வேண்டியவர் நானாக இருந்திருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன்.

என் அண்ணை மயிலிட்டியில் கடற்றொழில் செய்கிறார். எங்கள் குடும்பமே அதுதான். நான் ஒருத்திதான் கரையேறிக் கணினிக்கு வந்தவள். யுத்தத்தால் பல வருடம் ஊருக்குப் போக முடியாமல் எங்கெங்கோ இருந்துவிட்டு, காணி திரும்பக் கிடைத்ததும் முதலில் போய்க் கொட்டில் போட்டவர்களில் அண்ணையும் ஒருவர். பின்னேரம் நாலு மணிபோல வள்ளம் இறக்கினால் மறுநாள் காலையில்தான் கரைக்கு வருவார். அந்தப் பக்கத்து மீனவர் சங்கம் ஒன்று கேட்டு, எங்கள் அலுவலகம் ஒரு சின்ன வேலை செய்துகொடுத்தது. காற்றின் வேகத்தைப் பார்த்து, ஆபத்து என்றால் மதியம் ஒரு மணிக்கு எல்லோருடைய போனுக்கும் ஒரு மெசேஜ் போகும். வள்ளம் இறக்க முன்னமே தெரிந்துவிடும். அந்த மெசேஜின் வசனத்தை எழுதியவள் நான்: ‘காற்று பலமாக வீசுவதால் இன்று மாலை கடலுக்குச் செல்வது நல்லது அல்ல.’

‘செல்ல வேண்டாம்’ என்று வெட்டொன்று துண்டிரண்டாக எழுதியிருக்கலாம். சங்கத்துக்காரர் சம்மதிக்கவில்லை. கடலுக்குப் போகிறவனுக்குக் கட்டளை போடக் கூடாது, கோபம் வரும், பக்குவமாகச் சொல்லுங்கள் என்றார்கள். பக்குவமாகச் சொன்னேன்.

அண்ணைக்கு அந்த மெசேஜின் மேல் ஆரம்பத்திலிருந்தே ஒரு நக்கல். போன வருட மாரியில் ஒருநாள் மெசேஜ் போய், அவர் முணுமுணுத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டார். அன்றைக்குப் பார்த்துக் கடல் தேங்காய் எண்ணெய் மாதிரிக் கிடந்ததாம். மெசேஜை மதிக்காமல் போன இரண்டு பேர் நல்ல மீனோடு வந்தார்களாம். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றபோது எல்லோருக்கும் முன்னால் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“எப்ப பாத்தாலும் நல்லதில்லை, நல்லதில்லை எண்டுதானே அனுப்பிறாய். ஒருநாளைக்கு ‘நல்லது’ எண்டு அனுப்பிப் பார். கண்ணை மூடிக்கொண்டு போறன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

அதன் பிறகு செப்ரெம்பரில், கடல் அமைதியாகக் கிடந்த ஒரு நாள், பழைய கோட் வரிகளையெல்லாம் என் சட்டத்துக்கு ஏற்பத் திருத்திக்கொண்டிருந்தேன். வீட்டைக் கூட்டிப் பெருக்குவது போன்ற வேலை. யாரும் செய்யச் சொல்லவில்லை, எனக்கு அரிப்பு. இந்த வசனம் இருந்த வரிக்கு வந்ததும் கருவி சிவப்பாகக் கத்தியது. எண்பத்தாறு என்றது.

நான் நம்பவில்லை. கண்ணால் பார்த்தால் வரி எண்பதுக்கு மிகவும் முன்னமே முடிந்துவிடுகிறது. விரலை வைத்து எண்ணிப் பார்த்தேன். அறுபத்துநாலு. பிறகுதான் விளங்கியது: அந்தக் கருவிக்குத் தமிழ் எண்ணத் தெரியாது. ‘ல்’ என்பது நமக்கு ஓர் எழுத்து. அதற்கு இரண்டு, ‘ல’ ஒரு ஆள், தலையில் இருக்கும் புள்ளி இன்னொரு ஆள். ‘து’ என்றால் ‘த’ வேறு, அதன் வால் வேறு. பஸ்ஸில் தாயின் மடியில் இருக்கிற குழந்தைக்கும் ரிக்கற் கேட்கிற கொண்டக்ரர் மாதிரி, எல்லாப் புள்ளியையும் வாலையும் எண்ணிக் கூட்டி எண்பத்தாறு என்று நிற்கிறது.

நியாயம் உள்ள எவரும் அந்த இடத்தில், சரி, இந்த வரியை மட்டும் விட்டுவிடுவோம் என்றிருப்பார்கள். ஆனால் எதிர் மேசையில் அவள் இருந்தாள். சட்டம் போட்டவளே சட்டத்தை மீறினாள் என்று ஒரு வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவாள். ஊருக்குத்தான் உபதேசமோ என்பாள். எனவே முறித்தேன். ‘நல்லது’க்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டு, வசனத்தின் மேற்கோள் குறியை மூடினால் வரி சரியாக எண்பதில் போய் நின்றது. ஒரு புள்ளி கூடவில்லை, குறையவில்லை. மிச்சமிருந்த ‘அல்ல.’வை அடுத்த வரியில் போட்டேன். சிவப்பு மறைந்தது. எனக்கு அவ்வளவு திருப்தி.

பிளஸ் குறியைப் போடவில்லை.

ஏன் போடவில்லை என்று பிறகு பல நாள் யோசித்தேன். அன்று அதே மாதிரி இருபது முப்பது ஆங்கில வசனங்களை முறித்திருந்தேன். ஒன்றில்கூடக் குறி விடுபடவில்லை. இந்தத் தமிழ் வசனத்தில் மட்டும்தான். என் கை தமிழ் எழுதத் தொடங்கியதும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது என்று நினைக்கிறேன். நான் படித்த காலத்தில் கொப்பிக்குத் தட்டுப்பாடு. தாளின் கடைசி ஓரம் வரை எழுதுவோம். சொல் பாதியில் நின்றால் மிச்சத்தை அடுத்த வரியில் எழுதிவிட்டுப் போய்க்கொண்டேயிருப்போம். ‘யாழ்ப்பா’ மேலே இருக்கும், ‘ணம்’ கீழே இருக்கும். நடுவில் கோடு கிடையாது, குறி கிடையாது. தமிழ் வாசிக்கிற எவருக்கும் அது தானாகவே ஒட்டிக்கொள்ளும். எதிர் மேசைக்காரி மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அங்கே ஆங்கில ரீச்சர் சொல்லை முறித்தால் கோடு போடு என்று விரலில் அடித்துப் பழக்கியிருக்கிறார். அவள் எழுதியிருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது. அதை அவளிடம் இன்றுவரை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

கணினி தமிழ்ப் பிள்ளை அல்லவே. அது மேல் வரியை எடுத்து, இதுதான் வசனம் என்று வைத்துக்கொண்டது. கீழ் வரியில் ஒட்டாமல் தனியே கிடந்த ‘அல்ல’வைப் பார்த்து, இது யாருக்கும் வேண்டாத சொல்லாக்கும் என்று தாண்டிப் போய்விட்டது. பிழை என்று ஒரு சத்தம்கூடப் போடவில்லை. நான் திருத்தியதை மேற்பார்க்க வேண்டியவள் அவள்தான். அவளோ என் எண்பதின் மேல் இருந்த கடுப்பில் படிக்காமலே சரி போட்டுவிட்டாள். ‘நல்லது அல்ல’ என்றதில் ‘அல்ல’ போனால் மிஞ்சுவது என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. வேறு எதை முறித்திருந்தாலும் அரைகுறையாகத் தெரிந்திருக்கும். இது மட்டும் முழு வசனம் மாதிரி நின்றது, நேர் எதிரான பொருளில்.

செப்ரெம்பர் போனது, ஒக்ரோபர் போனது. காற்றில்லை, மெசேஜும் இல்லை. நவம்பரில் ஒருநாள் காலையிலிருந்தே வாடைக்காற்று மாடி யன்னல்களைப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தது. கடதாசிகள் பறக்காமலிருக்க ஆளுக்கொரு தேநீர்க் கோப்பையைப் பாரமாக வைத்திருந்தோம். என் போன், சத்தத்தை நிறுத்தி வைத்தபடி, பைக்குள் கிடந்தது. பின்னேரம் இரண்டரை மணி இருக்கும். மெசேஜ் சரியாகப் போகிறதா என்று பார்க்க, என் நம்பரோடு அவளுடைய நம்பரையும் மீனவர் பட்டியலில் சேர்த்திருந்தோம். அவள் சாப்பிட்டுவிட்டு வந்து போனைப் பார்த்தாள், சிரித்தாள்.

“உம்மடை கடல் இண்டைக்கு நல்லதாம்.”

யன்னல் ஒன்று படாரென்று அடித்தது. நான் என்ன என்று கேட்டேன். அவள் போனை நீட்டினாள். ‘காற்று பலமாக வீசுவதால் இன்று மாலை கடலுக்குச் செல்வது நல்லது’. வாசித்தேன், இரண்டாந்தரம் வாசித்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது.

அண்ணைக்குப் போன் எடுத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி எடுத்தேன். அண்ணிக்கு எடுத்தேன். அவர் அப்போதே வள்ளத்தடிக்குப் போய்விட்டார் என்று அண்ணி சாதாரணமாகச் சொன்னாள். ஏன், ஏதும் அவசரமோ என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். அவளைப் பயமுறுத்தி என்ன செய்வது. சங்கத்து நம்பர் வேலை செய்யவில்லை.

திருத்திய மெசேஜை உடனே அனுப்பலாம்தானே என்று நினைப்பீர்கள். அங்கேயும் என் கைவேலை இருந்தது. ஒரே நாளில் ஒரு ஆளுக்கு இரண்டாந்தரம் மெசேஜ் போகக் கூடாது என்று ஒரு பூட்டுப் போட்டு வைத்திருந்தேன். அதுவும் அண்ணை அரியண்டம், தொல்லை என்று சொன்னதற்காகச் செய்தது. அந்தப் பூட்டைக் கழற்றி, வசனத்தைத் திருத்தி, சேவர் கணினிக்கு ஏற்றி, பிறகு அனுப்ப வேண்டும். ‘அல்ல’ என்பதையே மூன்று தரம் பிழையாக எழுதினேன். அவள் என் நாற்காலியைப் பிடித்து இழுத்தாள்.

“எழும்பும். நான் பாக்கிறன். நீர் போம்.”

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காங்கேசன்துறை வீதியில் விட்டேன். காற்று முன்னாலிருந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. தூறல் வேறு. கொக்குவில், இணுவில், மருதனார்மடம். ஒவ்வொரு சந்தியிலும் நின்று அண்ணைக்குப் போன் எடுத்தேன். சுன்னாகத்தில் ஒரு மினிபஸ் நடு வீதியில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. வழக்கமாக நான் இறங்கிச் சண்டை பிடிக்கிற ஆள். அன்றைக்கு ஓரமாக மண்ணில் இறக்கிப் போனேன்.

வழி முழுக்க ஒன்றுதான் மனதில் ஓடியது. ஒருநாளைக்கு நல்லது என்று அனுப்பிப் பார், கண்ணை மூடிக்கொண்டு போறன். அண்ணை சொன்னால் செய்கிறவர். அதுவும் எல்லோருக்கும் முன்னால் சொன்னது. அதோடு மழை என்று நாலு நாள் தொழிலுக்குப் போகாமல் இருந்தார். மெசேஜ் வந்ததும், தங்கச்சி அனுப்பியிருக்கிறாள் என்று பக்கத்தில் நிற்கிறவனுக்கும் காட்டியிருப்பார். அவரை நம்பி அவனும் வள்ளத்தை இறக்கியிருப்பான். ஆறு எழுத்து மிஞ்சுகிறது என்று முறித்தேனே, அந்த ஆறு எழுத்தும் அப்படியே கிடந்திருந்தால் யாருக்கு என்ன நட்டம்? எதிர் மேசைக்காரி ஒரு வருடம் நக்கலடித்திருப்பாள். அவ்வளவுதான். அதைத் தாங்க முடியாமல் அண்ணையைக் கடலுக்கு அனுப்பிவிட்டேன். எனக்குச் சொந்த வாயாலேயே என்னைத் திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டினேன், மல்லாகம் தாண்டும்வரை சத்தமாகவே.

தெல்லிப்பழை கடந்து மயிலிட்டிப் பக்கம் திரும்பியதும் கடலின் இரைச்சல் கேட்கத் தொடங்கியது. சாதாரண நாளில் அவ்வளவு தூரத்துக்குக் கேட்காது. நான் ஒழுங்காகக் கோயிலுக்குப் போகிறவள் அல்ல, பெருநாளுக்கும் செத்தவீட்டுக்கும் போகிறவள். அன்று மாதா கோயிலைக் கண்டதும் ஓட்டத்திலேயே சிலுவை போட்டேன். ஸ்கூட்டி ஒரு ஆட்டம் ஆடியது.

துறைமுகத்தில் வள்ளங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. முதலில் எதுவும் தெரியவில்லை, கண்ணில் மழைத்தண்ணீர். துடைத்துவிட்டுப் பார்த்தேன். அண்ணையின் வள்ளம் நீலம், முன்னணியத்தில் மாதாவின் படம். பச்சை, வெள்ளை, மறுபடி பச்சை, சிவப்பு. பிறகு நீலம். மாதா. கயிறு இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டியிருந்தது.

ஸ்கூட்டியை ஸ்ராண்டில் விட்டேனா விழுத்தினேனா என்று நினைவில்லை. வலை வைக்கும் கொட்டிலின் கீழே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நடுவில் ஒரு பெட்டியின் மேல் கால் மடித்து இருந்து அண்ணை பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியைப் போல் வடிவான ஒன்றை நான் வாழ்நாளில் கண்டதில்லை.

நான் நனைந்து, தலை விரிந்து வருவதைக் கண்டு அவர் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார்.

“என்னடி? அம்மாவுக்கு ஏதுமோ?”

இல்லை என்று தலையாட்டினேன். பிறகு அழத் தொடங்கிவிட்டேன். அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால், சின்னப்பிள்ளை மாதிரி, மூக்குத் தண்ணி வடிய. ஒருவர் தன் தோளிலிருந்த துவாயைத் தந்தார். அதில் மீன் மணம். முகத்தை அதிலேயே துடைத்துக்கொண்டு, ஒரு மாதிரிக் கேட்டேன்.

“நீங்கள் போகேல்லையோ?”

“எங்கை போறது?” என்றார் அண்ணை. “மற்றத் துண்டு இன்னும் வரேல்லையே.”

எனக்கு விளங்கவில்லை. அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து பொலித்தீன் பையைச் சுற்றிய போனை எடுத்தார். பழைய பட்டன் போன். பத்துப் பதினைந்து தரம் நான் எடுத்தும் ஏன் கேட்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. பை சுற்றி, அதற்கு மேல் ஒரு றப்பர் வளையமும் போட்டுச் சட்டைக்குள் வைத்திருந்தால், அந்தக் கடல் இரைச்சலில் என்ன கேட்கும். திரையில் என் வசனம் இருந்தது. ‘நல்லது’க்குப் பின்னால், முற்றுப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தார்.

“புள்ளியைக் காணேல்லை, பார்.”

பிறகு அவரும் மற்றவர்களுமாக மாறி மாறிச் சொன்னதைத் தொகுத்துச் சொல்கிறேன். தமிழில் மெசேஜ் கொஞ்சம் நீளமானால் இந்தப் பட்டன் போன்களுக்கு இரண்டு துண்டாகத்தான் வருமாம். சிலவேளை இரண்டாவது துண்டு ஒரு மணித்தியாலம் கழித்து வருமாம். ஒரு முறை எங்கிருந்தோ ஒரு கூட்டத்துக்கு மெசேஜ் வந்திருக்கிறது. ‘நாளை காலை நடைபெறும் என அறிவிக்கப்பட்ட கூட்டம்’ என்பது வரை முதல் துண்டு. எல்லோரும் சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, மண்டபத்துக்குப் போய்ப் பூட்டிய கதவின் முன்னால் நின்றபோது, ஆளாளுக்குப் போன் சத்தம் போட்டது. ‘பிற்போடப்பட்டுள்ளது.’ அன்றிலிருந்து அந்தக் கரையில் ஒரு சட்டம். புள்ளி வரும்வரைக்கும் வசனம் முடியவில்லை. புள்ளி இல்லாத மெசேஜை நம்பி யாரும் வள்ளம் இறக்குவதில்லை, சேட்டும் போடுவதில்லை.

“காத்து பலமாம், ஆனபடியால் போறது நல்லதாம்,” என்றார் துவாய் தந்தவர். “இடையிலை ஏதோ கிடக்கெண்டு விளங்குது. அது வரட்டும் எண்டு ஒரு மணியிலை இருந்து இருக்கிறம். இருந்து இருந்து இப்ப மூண்டாவது பிளேன்ரீ.”

நான் எண்பது என்று ஒரு சட்டம் எழுதி, கருவி பொருத்தி, சிவப்புக் கோடு போட்டு, சண்டை பிடித்து வைத்திருந்தேன். இவர்கள் ஒரு வரிகூட எழுதாமல் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். என்னுடையது அவர்களைக் கடலுக்கு அனுப்பப் பார்த்தது. அவர்களுடையது கரையில் இருத்தியது.

பிழை என்னுடையது என்று சொன்னேன். வரியின் நீளத்துக்காக முறித்ததையும், ஒட்டாமல் விட்டதையும் சொன்னேன். அண்ணை, வரி நீண்டால் கணினிக்குப் பாரமோ என்று கேட்டார். இல்லை என்றேன். அப்போ கறண்ட் கூடச் செலவாகுமோ என்றார். அதுவும் இல்லை என்றேன். வேறு என்னத்துக்கு என்று கேட்டார். பார்க்க வடிவாக இருக்கும் என்றேன். கொட்டில் முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும் என்று இருந்தேன். அவர்கள் கரையில் இருந்து சிரிப்பதே எனக்குப் போதும்.

ஒன்றை மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை. மற்றவர்கள் வலையைப் பார்க்கத் திரும்பியபோது மெதுவாகக் கேட்டேன்.

“அதிலை புள்ளியும் இருந்திருந்தால் போயிருப்பீங்களோ, அண்ணை?”

அவர் அலை, அணையின் கல்லுக்கு மேலால் எழும்பி விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீ அனுப்பினதெல்லோ,” என்றார். “தெரியாது, பிள்ளை.”

அந்த நேரம் அவர் கையில் இருந்த போன் பொலித்தீன் பைக்குள் கிணுகிணுத்தது. அடுத்த கணம் துவாய்க்காரருடையது. பிறகு கொட்டிலில் இருந்த எல்லாப் போனும். எதிர் மேசைக்காரி பூட்டைக் கழற்றிவிட்டாள். அண்ணை மெசேஜைத் திறந்தார். தொடக்கத்தை வாசிக்கவேயில்லை, பட்டனை அமத்தி அமத்தி நேரே கடைசிக்குப் போனார்.

“‘அல்ல.’ புள்ளியும் இருக்கு,” என்றார் எல்லோருக்கும் கேட்க. “சரி, வலையைத் தூக்கி வையுங்கோ. வா பிள்ளை, அண்ணி சோறு வைச்சிருப்பாள்.”

அன்று அண்ணி வைத்த சோற்றை நான் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன். வெளியே காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தது. அண்ணை பாயில் படுத்து, பின்னேரம் ஆறு மணிக்கே குறட்டை விட்டார். எனக்கு அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனதும் மனேஜரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, வாங்க வேண்டிய ஏச்சை வாங்கினேன். பிறகு சட்டம் எழுதிய கோப்பைத் திறந்து, அடியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘மனிதர் வாசிக்கப் போகும் தமிழ் வசனத்தை, அது எவ்வளவு நீளமாக இருந்தாலும், எந்த இடத்திலும் முறிக்கக் கூடாது.’ இந்த முறை எதிர் மேசைக்காரி ஒவ்வொரு சொல்லாகப் படித்துப் பார்த்துத்தான் சரி போட்டாள். போட்டுவிட்டு, திரையைத் திருப்பி எனக்குக் காட்டினாள்.

“இந்த வரியே எண்பதைத் தாண்டுது.”

தாண்டட்டும் என்றேன்.

கருவி இன்றைக்கும் அந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மற்ற எந்த வரியில் சிவப்பைக் கண்டாலும் எனக்குக் கை துறுதுறுக்கும். அந்த ஒரு வரியை மட்டும் நான் தொடுவதில்லை. அதைக் காணும்போதெல்லாம், அண்ணை கரையில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருக்கிறார் என்று மனம் ஆறுகிறது.